கட்டிங்கிலேயே தள்ளாடுகிறார், மலைக்குளிரா காரணம்?

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கட்டிங், அதாவது அரை குவார்ட்டர், குடித்தாலே தள்ளாடுவதற்கு மலைக்காற்றுதான் காரணம் என்று பக்கத்து வீட்டார் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். கோத்தகிரியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு 52 வயதில் அந்தக் காற்று திடீரென்று ஆகாமல் போகாது. உயரமான ஊர் என்பதற்காக ரத்தத்தில் ஆல்கஹால் கூடுவதும் இல்லை. வெறும் வயிற்றில் குடித்தால் சீக்கிரம் ஏறும். இரைப்பையில் தங்காமல் சிறுகுடலுக்கு இறங்கி, அங்கே வேகமாக உறிஞ்சப்படும். உடம்பு இளைத்தாலும் சீக்கிரம் ஏறும். ஆனால் உங்கள் கேள்வி கடிதத்தின் கடைசியில் இருக்கிறது: "இருபது வருஷமா குவார்ட்டர் குடிச்சும் நிதானமா வீடு வந்தவர், நாலு மாசமா கட்டிங்கிலேயே குழறுகிறார். ஈரல் போயிடுச்சா டாக்டர்?"

அந்தப் பயம் நியாயமானது. ஒரு குவார்ட்டர் (180 மில்லி) பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. சாதாரண ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். தினம் குடிப்பவரின் ஈரலும் மூளையும் அதற்குப் பழகிக்கொள்ளும். பழகிய உடம்பு தாங்கவில்லை என்றால், ஈரல் கைவிடத் தொடங்கியிருக்கலாம்.

பகலில் தூங்கி விழுகிறார், ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார், குடிக்காத காலையிலும் ஸ்வெட்டர் பொத்தானை மாற்றிப் போடுகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்த வரிதான். ஈரல் கழிக்காத நச்சு மூளையைத் தொட்டால் தூக்கம் இப்படித்தான் தலைகீழாகும். காலையில், பஸ்ஸை நிறுத்துவதுபோல் இரண்டு கையையும் நீட்டி உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டு தொய்ந்து தொய்ந்து விழுந்தால் சந்தேகம் வலுக்கும். விழாவிட்டாலும் நாளைக்கே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எஸ்டேட் சரிவில் எங்காவது விழுந்து தலையில் அடிபட்டதா என்றும் கேளுங்கள். மண்டைக்குள் ரத்தக்கசிவு இருந்தாலும் இதே குழறல்தான். ரத்த வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராத்திரி விழித்திருக்கிறாரே என்று நாலு நாளாக மெடிக்கலில் தூக்கமாத்திரை வாங்கிக் கொடுக்கிறீர்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? பழுதான ஈரலோடும் மதுவோடும் அது சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். இன்றிரவு கொடுக்காதீர்கள். யூடியூபில் பார்த்த கீழாநெல்லிச் சாறும் இப்போது வேண்டாம், நாள்தான் வீணாகும்.

கோபத்தில் அவரைப் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தவும் முயலாதீர்கள். தினம் குடித்தவர் ஒரேயடியாக விட்டால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் அது வார்டில் நடக்கட்டும். போகும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.