பிர்ரஸ் என்ற கிரேக்க மன்னர் ஜெயித்தும் தோற்றவர் என்கிறார்களே, ஏன்?

பிர்ரஸ், கிரேக்கத்தின் வடமேற்கில் இருந்த எபிரஸ் நாட்டு மன்னர். ரோமை எதிர்க்க, தென் இத்தாலியில் இருந்த டாரெண்டம் என்ற கிரேக்க நகரம் அவரை உதவிக்குக் கூப்பிட்டது. கி.மு. 280-இல் சுமார் 25,000 வீரர்களோடும் 20 யானைகளோடும் இத்தாலிக்குக் கடல் கடந்தார். யானைகளைக் கண்ட ரோமானியக் குதிரைகள் ஹெராக்ளியா போரில் மிரண்டு ஓடின. அடுத்த ஆண்டு அஸ்குலத்திலும் வெற்றிதான். ஆனால் கூட வந்த தளபதிகளும் நண்பர்களும் பெரும்பாலும் செத்துப்போனார்கள். ரோமுக்கோ ஆள் வந்துகொண்டே இருந்தது. "இன்னொரு தடவை இப்படி ஜெயித்தால் நாம் ஒழிந்தோம்" என்றாராம் பிர்ரஸ்.

அப்புறம் சிசிலி, பெனவெந்தம் என்று அலைந்து ஊர் திரும்பினார். என் மனதை உறுத்துவது அவருடைய முடிவுதான். கி.மு. 272, ஆர்கோஸ் நகரத்தில் தெருச்சண்டை. தன்னைக் காயப்படுத்திய ஒரு சாதாரண வீரன் பக்கம் திரும்புகிறார். கூரைமேலிருந்து பார்த்த அவனுடைய வயதான தாய், இரண்டு கையாலும் கூரை ஓடு ஒன்றைத் தூக்கி எறிந்தாள். அது கழுத்தில் விழ, குதிரையிலிருந்து சரிந்தார். எழவிடாமல் தலையை வெட்டிவிட்டார்கள்.