கையில் இல்லாததை விற்ற கிரயம்

அன்புள்ள ஐயா,

பிலிப்பைன்ஸ் 1898 ஜூன் 12 அன்று சுதந்திரம் அறிவித்ததாக எழுதியிருந்தீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளின் புத்தகத்தில் 1946 ஜூலை 4 என்று இருக்கிறது. எது சரி? இன்னொன்று: ஸ்பெயின் அந்த நாட்டை அமெரிக்காவுக்கு 2 கோடி டாலருக்கு விற்றது என்கிறீர்கள். மக்கள் போராடி மீட்ட மண்ணை எப்படி விற்க முடிந்தது?

ச., தேனி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

இரண்டும் சரிதான். கேள்வியில் 'அறிவித்தது' என்றிருந்தால் 1898, 'அமெரிக்காவிடமிருந்து பெற்றது' என்றிருந்தால் 1946. மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் பெரிது.

1898-இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. ஜூன் 12 அன்று கவிட் ஊரில், பிலிப்பினோ புரட்சித் தலைவர் அகினால்டோவின் வீட்டு ஜன்னலிலிருந்து சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதிலேயே ஒரு பிழை இருந்தது. வட அமெரிக்க நாட்டின் பாதுகாப்பின் கீழ் சுதந்திரம் என்று எழுதிவிட்டார்கள். அகினால்டோவின் ஆலோசகர் அப்போலினாரியோ மாபினி அப்போதே இதை எதிர்த்தார். அவர் பயந்தபடியே நடந்தது.

ஆகஸ்டில் மணிலாவைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டி, நகருக்குள் போகும் தண்ணீரை நிறுத்தி முற்றுகையிட்டிருந்தவர்கள் பிலிப்பினோக்கள். உள்ளே இருந்த ஸ்பானிய ஆளுநர் அவர்களிடம் சரணடையத் தயாராக இல்லை. பெல்ஜியத் தூதர் வழியாக அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயியிடம் பேசி முடித்தார்: சிறிது நேரம் சுடுவது, பிறகு வெள்ளைக்கொடி. பிலிப்பினோக்களை நகருக்குள் விடக் கூடாது என்பதும் பேச்சில் அடக்கம். ஆகஸ்டு 13 அன்று அப்படியே நடந்தது. நகரை நெருக்கிப்பிடித்தவர்கள் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். அதற்கு முந்தின நாளே வாஷிங்டனில் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே போர்நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது. மே மாதம் டூயி கடலடித் தந்திக் கம்பியை வெட்டியிருந்ததால் அந்தச் செய்தி மணிலாவுக்கு வந்துசேரவில்லை.

டிசம்பர் 10 அன்று பாரிஸில் இரு நாடுகளும் விற்பனை ஒப்பந்தப் பத்திரம் எழுதியபோது ஸ்பெயினின் சுவாதீனத்தில் மிஞ்சியிருந்தவை இலோய்லோ, சம்போவாங்கா போன்ற சில ஊர்கள் மட்டுமே. சுவாதீனம் இல்லாதவர் எழுதிக்கொடுத்த கிரயம் அது. நாட்டுக்குரியவர்களின் பிரதிநிதியாகப் போன ஃபெலிப்பே அகோன்சில்யோவைப் பேச்சுவார்த்தை அறைக்குள் விடவே இல்லை. பத்திரத்தில் எல்லையைக்கூட ஒழுங்காக எழுதவில்லை; சிபுத்து, ககயான் டி சுலு தீவுகள் கோட்டுக்கு வெளியே விழுந்தன. 1900 நவம்பரில் இன்னொரு ஒப்பந்தம் போட்டு, மேலும் 1 லட்சம் டாலர் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

அமெரிக்க செனட் 1899 பிப்ரவரி 6 அன்று 57-க்கு 27 என்ற வாக்கில் இதை ஏற்றது. அதற்கு இரண்டு நாள் முன்பே மணிலாவில் பிலிப்பினோக்களுக்கும் அமெரிக்கப் படைக்கும் சண்டை மூண்டுவிட்டது. 1901 மார்ச்சில் பலானனில் அகினால்டோ பிடிபட்டார். போர் முடிந்ததாக அமெரிக்கா 1902 ஜூலை 4 அன்று அறிவித்தது. பல இடங்களில் எதிர்ப்பு அதற்குப் பிறகும் ஓயவில்லை.

1946-ஐ நான் முழுச் சுதந்திரம் என்று எழுதத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இடிந்து கிடந்த நாட்டுக்கு இழப்பீடு தர அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. 500 டாலருக்கு மேற்பட்ட தொகை வேண்டுமானால் பெல் வர்த்தகச் சட்டம் என்ற இன்னொரு அமெரிக்கச் சட்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டப்படி ஒரு டாலருக்கு 2 பெசோ என்ற மதிப்பை அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சம்மதமின்றி மாற்ற முடியாது. பிலிப்பைன்ஸின் சர்க்கரை முதலான ஏற்றுமதிப் பொருள்களுக்கு அளவு வரம்பு உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் சரக்குக்கு அப்படி வரம்பில்லை. சுரங்கம், காடு, நிலம் ஆகியவற்றில் அமெரிக்கருக்கும் பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு நிகரான உரிமை. இதற்காகப் பிலிப்பைன்ஸ் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்தில் முக்கால்வாசி வாக்கு தேவை. எதிர்த்து வாக்களிக்கக்கூடிய உறுப்பினர் சிலரை, தேர்தல் முறைகேடு என்று குற்றம்சாட்டி, அவையில் உட்காரவே விடாமல்தான் அந்த எண்ணிக்கையை எட்டினார்கள். இடிபாட்டுக்குள் நின்ற மக்களிடம் இப்படிப் பேரம் பேசியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

1962-இல் பிலிப்பைன்ஸ் குடியரசுத் தலைவர் மகபகல் சுதந்திர தின விழாவை ஜூலை 4-லிருந்து ஜூன் 12-க்கு மாற்றினார். அந்த முதல் விழாவுக்கு 93 வயது அகினால்டோ நேரில் வந்திருந்தார். மாற்றம் சட்டமானது 1964 ஆகஸ்டில். அந்த வருடம் பிப்ரவரியிலேயே அகினால்டோ காலமாகிவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்