பொற்காலம் எந்தத் தேதியில் முடிந்தது?

கேள்வி: சென்ற இதழில், விடிய விடிய மின்னணு இசைக்கு ஆடிய பிரிட்டனின் ரேவ் இரவுகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. டிக்கெட், போலீஸ், சட்டம் என்று கணக்குவழக்குதான் அதில் அதிகம். 1988, 89-இல் லண்டனிலும் பிளாக்பர்னிலும் நடந்த அந்த ஆரம்பகால அண்டர்கிரவுண்ட் இரவுகள் காசு பார்க்காத, ஆள் பார்க்காத, தூய்மையான ஓர் இயக்கம். பிறகு வந்த வியாபாரிகளும் அரசாங்கமும்தான் அதைக் கெடுத்தார்கள். அந்தப் பொற்காலத்தைத் தொடராக எழுதாமல் ஏன் கொச்சைப்படுத்துகிறீர்கள்? எனக்கு வயது 26. இந்த இசைதான் என் உயிர். (பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

பதில்: வயதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த இரவுகள் நடந்தபோது நீங்கள் பிறக்கவில்லை. நான் பிறந்திருந்தேன், ஆனால் அவற்றில் ஒன்றுக்கும் போனதில்லை. ஆக, இருவருமே கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறோம். சரி, கேள்விப்பட்டதையாவது ஒழுங்காக வரிசைப்படுத்திப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்குச் சிக்கலாகப் படுவது வரிசைதான். முதலில் தூய்மை, பிறகு காசு என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தது ஏறக்குறைய தலைகீழ்.

லண்டன் கதையை எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்குவார்கள். 1987 கோடையில் பால் ஓக்கன்ஃபோல்ட், டேனி ராம்ப்ளிங், நிக்கி ஹாலோவே, ஜானி வாக்கர் என்ற நான்கு டிஜேக்கள் ஸ்பெயினின் இபிசா தீவுக்கு விடுமுறைக்குப் போனார்கள். அங்கே அம்னீசியா என்ற கிளப்பில் ஆல்ஃப்ரெடோ என்ற அர்ஜென்டினாக்காரர் இசைத்தட்டுகளைக் கலந்து போடுவதைக் கேட்டு மயங்கித் திரும்பினார்கள். அதே ஆண்டு கடைசியில் ராம்ப்ளிங் தெற்கு லண்டனில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஷூம் என்ற இரவைத் தொடங்கினார். அதிலிருந்துதான் எல்லாம் பிறந்தது என்பது கதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் விமானம் ஏறுவதற்கு ஆறேழு மாதம் முன்பே, 1987 ஜனவரியில், சிகாகோவின் ஸ்டீவ் 'சில்க்' ஹர்லி செய்த, ஹவுஸ் என்ற இயந்திரத் தாள நடன இசைப் பாட்டு ஒன்று பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப்பில் மைக் பிக்கரிங்கும் நாட்டிங்காமில் கிரேம் பார்க்கும் ஹவுஸ் தட்டுகளை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தார்கள். நாட்டின் நம்பர் ஒன் பாட்டாக வந்துவிட்ட இசையை ஒரு தீவில் போய்க் 'கண்டுபிடித்தோம்' என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அந்த இசையின் சொந்தக்காரர்கள் யார் என்றால், சிகாகோவில் 1977-இல் திறந்த வேர்ஹவுஸ் என்ற கிளப்பும் அங்கே தட்டு சுழற்றிய ஃப்ராங்கி நக்கிள்ஸும். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஆண் தற்பாலீர்ப்பினர். ஹவுஸ் என்ற பெயரே அந்த வேர்ஹவுஸிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நீங்கள் 'ஆரம்பம்' என்று எழுதிய இடத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. கடிதம் நீளமானதுதான், இடம் இருந்தது.

அடுத்து, ஆள் பார்க்காத இயக்கம் என்கிறீர்கள். ஷூமின் வாசலில் நின்று யாரை விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்தவர் ராம்ப்ளிங்கின் மனைவி ஜென்னி. வெளியே வரிசை நீண்டது, திரும்பிப் போனவர்கள் அதிகம். 1988 கோடையில் கூட்டம் பெருகியதும், பழையவர்கள் புதியவர்களுக்கு 'ஆசிட் டெட்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 'நேற்று வந்த பயல்கள், நம் இடத்தைக் கெடுக்கிறார்கள்' என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். தேதியைக் கவனியுங்கள். ஷூம் தொடங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் 'அந்தக் காலம் போல வராது' என்று புலம்பத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் கடிதத்தின் முதல் பிரதி 1988-லேயே எழுதப்பட்டுவிட்டது என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

ஒன்றை மறைக்க மாட்டேன். முந்தின வாரம் வரை கால்பந்து மைதானத்தில் அடித்துக்கொண்ட எதிரெதிர் அணி ரசிகர்கள், ஒரே கூடத்தில் தோளில் கைபோட்டு ஆடினார்கள் என்று அந்தக் காலத்தவர் பலரும் சொல்கிறார்கள். அத்தனை பேரும் சேர்ந்து பொய் சொல்ல மாட்டார்கள். அதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. எக்ஸ்டசி என்ற எம்டிஎம்ஏ பிரிட்டனில் 1977 முதலே தடை செய்யப்பட்ட ஏ வகுப்புப் போதைப்பொருள். 1989 ஜூலையில் ஹசியெண்டாவில் அதை உட்கொண்ட 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். உங்கள் பொற்காலத்தின் நடுப்பகுதியில் நடந்தது அது. தொடர் எழுதச் சொல்கிறீர்களே, அவளை எந்த அத்தியாயத்தில் வைப்பது?

இனி காசு. 1989-இல் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையை ஒட்டி ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிய சன்ரைஸ் விருந்துகளை நடத்தியவர் டோனி கோல்ஸ்டன்-ஹேட்டர். சீட்டாட்டத்தில், குறிப்பாகப் பிளாக்ஜாக்கில், பணம் பார்த்தவர். டிக்கெட் வாங்குகிறவரை முன்கூட்டியே கிளப் உறுப்பினராக்கி, 'இது தனியார் விருந்து, லைசென்ஸ் தேவையில்லை' என்று வாதாடும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது. டிக்கெட்டில் இடம் இருக்காது, ஒரு தொலைபேசி எண் இருக்கும். அன்றிரவு அந்த எண்ணைச் சுழற்றினால், பதிவு செய்த குரல் முதலில் ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்துக்கு வரச் சொல்லும். அங்கே போய் மறுபடி அழைத்தால் அடுத்த இடம். போலீஸுக்கு முன்னால் சில ஆயிரம் பேரை உள்ளே சேர்த்துவிட வேண்டும், கணக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருட்டில் அத்தனை பேரைக் கலைப்பதுதான் பெரிய ஆபத்து என்று போலீஸே ஒதுங்கிக்கொள்ளும். பதிலுக்குக் கென்ட் மாவட்டத்தின் கிரேவ்செண்டில் போலீஸ் ஒரு தனிப்பிரிவு வைத்தது. அதன் பெயர் 'பே பார்ட்டி யூனிட்', காசு வாங்கும் விருந்துகளுக்கான பிரிவு. உங்களுக்குக் கண்ணில் படாத காசு போலீஸின் பெயர்ப்பலகையிலேயே இருந்திருக்கிறது.

இந்தக் கோல்ஸ்டன்-ஹேட்டர் 'விருந்து கொண்டாடும் சுதந்திரம்' என்று ஓர் இயக்கம் நடத்தினார், 1990 ஜனவரியில் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூட்டம் போட்டார். அந்த இயக்கத்தில் அவருக்குத் துணை நின்ற பால் ஸ்டெயின்ஸ் அப்போதைய பிரதமர் தாட்சரின் பக்தர், தடையற்ற சந்தைக்காரர். அவர்களின் வாதத்தில் தப்பு சொல்ல முடியாது: வாங்க ஆள் இருக்கிறது, விற்க நாங்கள் இருக்கிறோம், நள்ளிரவில் கடையை மூடச் சொல்ல நீ யார்? தாட்சரின் ஆட்சியை எதிர்த்து எழுந்த கலகம் என்று நீங்கள் நினைப்பது, பாதிக்குப் பாதி தாட்சரின் பிள்ளைகள் நடத்திய வியாபாரம். 'தி சன்' நாளிதழின் கதை இன்னும் வேடிக்கை. 1988 அக்டோபரில், அந்த இரவுகளின் அடையாளமாகிவிட்ட சிரித்த முகம் போட்ட டி-சர்ட்டை வாசகர்களுக்கு விற்றது. அதே மாதம், ஆசிட் ஹவுஸ் என்ற அந்த இசை பிள்ளைகளைக் கொல்கிறது என்று அலறத் தொடங்கியது.

பிளாக்பர்ன் வேறு. அந்த ஊரை நீங்கள் குறிப்பிட்டதற்காகவே உங்கள் கடிதத்தை எடுத்தேன். அது இருக்கும் வட இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளின் பூமி. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, கட்டடங்கள் மட்டும் கூரையோடு நின்றன. வேலையில்லாத இளைஞர்கள் நிறைய. கிளப்புகள் அதிகாலை 2 மணிக்குள் மூடியாக வேண்டும் என்பது சட்டம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், மீதியை ஊகிக்கலாம். செட் எண்ட் என்ற பப்பின் வாசலில் கார்கள் சேரும். மான்செஸ்டரில் ஹசியெண்டா மூடியதும் அங்கிருந்தும் வருவார்கள். முன்னால் போகும் ஓரிரு வண்டிகளுக்குத்தான் இடம் தெரியும். மற்றவர்கள் முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். சில நூறு கார்கள் வரிசையாக ஓடும்போது போலீஸ் எதை மறிக்கும்? பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறந்து, ஒலிபெருக்கிகளை இறக்கி, மின்சாரம் கொடுத்து, விடிகிற வரை ஆட்டம். அடுத்த வாரம் வேறு கிடங்கு.

எனக்கு வியப்பாக இருப்பது இந்த இடம்தான், உங்கள் தூய்மை அல்ல. மேடை இல்லை, விளம்பரம் இல்லை, யார் முகமும் முக்கியமில்லை. அப்பாவும் தாத்தாவும் தறி ஓட்டியது போன்ற கூடங்களில் பிள்ளைகள் இன்னோர் இயந்திரத்தின் தாளத்துக்கு வியர்த்தார்கள். (இதை எழுதும்போது நானே கொஞ்சம் உருகிவிடுகிறேன், அதனால் நிறுத்திக்கொள்கிறேன். பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்கள், கழிப்பறைகூடக் கிடையாது.)

அது எப்படி முடிந்தது? 1990 பிப்ரவரியில் பக்கத்து ஊரான நெல்சனில் ஆயிரக்கணக்கானோர் ஆடிக்கொண்டிருந்த கிடங்குக்குள் கலகத் தடுப்புப் போலீஸ் புகுந்தது. கூட்டம் இடம் மாறியது. ஜூலையில் லீட்ஸ் அருகே கில்டர்சம் என்ற இடத்தில் ஒரே இரவில் 836 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலோரை வழக்கே போடாமல் விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு கிரேம் பிரைட் என்ற எம்பி கொண்டுவந்த சட்டம், லைசென்ஸ் இல்லாமல் நடத்துகிறவர்களுக்கான அபராதத்தை 2,000 பவுண்டிலிருந்து 20,000 பவுண்டாக உயர்த்தியது. ஆறு மாதச் சிறையும் உண்டு. அதற்குப் பிறகு வியாபாரிகள் என்ன செய்வார்கள்? லைசென்ஸ் வாங்கினார்கள். அப்புறம் பெரிய பெரிய கிளப்புகள்.

நீங்கள் தவறவிட்ட திருப்பம் இங்கேதான். டிக்கெட்டே இல்லாத, உண்மையிலேயே இலவசமான விருந்துகள் பெருகியது இதற்குப் பிறகு. லாரிகளில் ஒலிபெருக்கிகளோடு ஊர் ஊராகச் சுற்றிய ஸ்பைரல் ட்ரைப் போன்ற குழுக்கள் 1990 கடைசியிலிருந்துதான் வருகின்றன. 1992 மே மாதம் வூஸ்டர்ஷயரின் காஸில்மோர்டன் புல்வெளியில் 20,000 பேருக்கு மேல் கூடி ஒரு வாரம் கலையாமல் இருந்தார்கள். தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து இன்னும் பலர் கிளம்பி வந்தார்கள். ஸ்பைரல் ட்ரைப்பின் 13 பேர் மீது வழக்குப் போட்டு, நீண்ட விசாரணைக்குப் பின் 1994-இல் அத்தனை பேரும் விடுதலையானார்கள். அதே 1994-இல்தான் அந்தப் பேர்பெற்ற குற்றவியல் சட்டம் வந்தது. இரவில் திறந்தவெளியில் கூடும் ரேவைக் கலைக்கப் போலீஸுக்கு அதிகாரம் கொடுத்த பிரிவில், இசை என்பதற்குள் 'அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளையே முழுதுமாகவோ பெரும்பாலுமோ கொண்ட ஒலிகள்' அடங்கும் என்று எழுதினார்கள். உறுமிமேளக்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் மாட்டியிருப்பார்.

ஆக, காசு வாங்கியவர்களை 1990-இன் சட்டம் உரிமத்துக்குள் கொண்டுவந்தது, காசு வாங்காதவர்களை 1994-இன் சட்டம் துரத்தியது. அரசாங்கத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்தை அந்த இரண்டாவது கணக்கில் எழுதுங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன். 1988-இன் கணக்கில் எழுத வேண்டாம்.

தொடர் கேட்டிருந்தீர்கள். எழுதலாம். ஆடியவர்கள் சொன்னதோடு, வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், கிடங்குக்குப் பக்கத்துத் தெருவில் தூக்கம் கெட்டவர்கள், கில்டர்சமில் விடிய விடியக் கைதிகளை எண்ணிய போலீஸ்காரர்கள் சொன்னதும் சேர்ந்துதான் வரும். தலைப்பில் 'பொற்காலம்' இருக்காது. வேறு நல்ல பெயர் தோன்றினால் எழுதி அனுப்புங்கள்.