கணினிக் கேள்வி: ஸ்டேபிளா, டெஸ்டிங்கா?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் ஓடுவது விண்டோஸ் இல்லை, டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். கல்லூரியில் படிக்கும் என் மகன், "லிப்ரே ஆபீஸ் ரொம்பப் பழசும்மா, டெஸ்டிங்குக்கு மாத்திடலாம்" என்கிறான். மாற்றலாமா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: வேண்டாம் அம்மா. பழசு என்று மகன் சொல்வது சரிதான், டெபியன் 12-ல் இருப்பது லிப்ரே ஆபீஸ் 7.4. ஆனால் அதற்கு டெஸ்டிங் வரை போக வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 9-ல் வந்த டெபியன் 13-ல் லிப்ரே ஆபீஸ் 25.2 இருக்கிறது. அதுவும் ஸ்டேபிள்தான்.

டெபியனில் அன்ஸ்டேபிள், டெஸ்டிங், ஸ்டேபிள் என்று மூன்று படி. புதிய மென்பொருள் முதலில் அன்ஸ்டேபிளில் இறங்கும். அதைத்தான் பையன்கள் 'சிட்' என்பார்கள். சில நாட்கள் பெரிய பழுது எதுவும் தெரியாவிட்டால் டெஸ்டிங்குக்கு நகரும். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டெஸ்டிங்கில் புதிதாக எதையும் சேர்ப்பதை நிறுத்தி, இருக்கும் பழுதுகளை நீக்கி, ஸ்டேபிளாக வெளியிடுவார்கள். நடுவில் இருப்பதால் டெஸ்டிங்கில் ஆபத்தும் நடுத்தரம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் நேரடியாக வரும். டெஸ்டிங்குக்கு அது பெரும்பாலும் அன்ஸ்டேபிளைச் சுற்றித்தான் வரும். வழியில் சிக்கிக்கொண்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

2024 மார்ச் கடைசியில் நடந்ததை மகனுக்குச் சொல்லுங்கள். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளில், வெகுநாள் கூடவே இருந்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் கள்ளச்சாவியைச் செருகிவிட்டார். 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகள். வெளியிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வாசலையே திறந்துவிடும் வேலை அது. அன்ஸ்டேபிளிலும் டெஸ்டிங்கிலும் அது ஏறிவிட்டது. ஸ்டேபிளில் ஏறவில்லை. மகன் பழசு என்று கேலி செய்கிற அதே பழசால்தான் தப்பியது.

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், வாசல் வரை கூட்டம், பிரிண்டர் மட்டும் பேச மறுக்கிறது என்றால் யார் பார்ப்பது? மகன் வகுப்பில் இருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலில் ஒரே ஒரு கணினியை மட்டும் 13-க்கு ஏற்றி, பிரிண்டரும் தமிழ் எழுத்துருவும் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். யூபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் கடலூரில் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கடையில் 32-பிட் கணினி ஏதாவது இருந்தால் அதைத் தொடாதீர்கள். 13-ல் அதற்கு நிறுவி கிடையாது.

கேள்வி: டெபியனுக்கு ஏதாவது பங்களிக்க ஆசை. எதைப் போடுவது?
- ஒரு மாணவர், லாஸ்பேட்டை

பதில்: தம்பி, உனக்கு அன்ஸ்டேபிள். மேலே சொன்ன கள்ளச்சாவியைப் பிடித்ததே அதில் வேலை செய்துகொண்டிருந்தவர்தான். ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்குபவர்களில் ஒருவர். எஸ்எஸ்ஹெச்சில் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப் போனார். அந்த மாதிரி எரிச்சல் உனக்கும் வந்தால் அதை விடாதே, பழுதறிக்கை எழுது. ஆனால் புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும் லேப்டாப்பில் வேண்டாம், மெய்நிகர் கணினியில், அதாவது கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கணினியில் போடு. 'ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ்' என்ற கருவியையும் சேர்த்துக்கொள். நீ நிறுவப் போவதில் கடுமையான பழுது பதிவாகியிருந்தால் முன்கூட்டியே சொல்லும்.

கேள்வி: டெஸ்டிங் வைத்திருந்தேன். 2025 ஆகஸ்டுக்குப் பிறகு புதிதாக எதுவுமே வருவதில்லை. கணினி கெட்டுவிட்டதா?
- ஒரு வாசகர், நெல்லித்தோப்பு

பதில்: கெடவில்லை. மென்பொருள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் கோப்பில் 'டெஸ்டிங்' என்று எழுதாமல் 'ட்ரிக்ஸி' என்று எழுதியிருப்பீர்கள். ட்ரிக்ஸி என்பது டெபியன் 13-ன் பெயர். அதுதான் ஆகஸ்டில் ஸ்டேபிள் ஆனது. நீங்களும் சத்தமில்லாமல் அதோடு ஸ்டேபிளுக்கு வந்துவிட்டீர்கள். டெஸ்டிங்தான் வேண்டுமென்றால் இப்போது அதற்குப் பெயர் ஃபோர்க்கி. எனக்கென்னவோ, ஓடுவதை ஓட விடலாம் என்றுதான் படுகிறது.