கிராண்ட் வந்ததாமே, என் பிள்ளைக்கு என்ன?

பள்ளிகளுக்கு வரும் கூடுதல் பணம் பற்றி, கேரள எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டேன். இடுக்கி மாவட்டத் தமிழ்வழிப் பள்ளிகளில் பல காலம் இருந்தவள் என்பதால் சில இடங்களில் என் அனுபவமும் சேர்ந்து வரும்.

டீச்சர், வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட்டில் கொளுந்து எடுக்கிறேன். மகள் சர்க்கார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கிராண்ட் வந்ததென்று சுவரெல்லாம் பெயின்ட் அடித்தார்கள். அவள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிக்கிறாள். அந்தப் பணத்தில் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியாதா? கேட்டால் கோபிப்பார்களா?

கேளுங்கள் அம்மா. கேட்பதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது.

முதலில், அது எந்தப் பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மத்திய, மாநில அரசுகளின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளி மானியம் வரும். நூறு பேர் வரை உள்ள சிறு பள்ளிக்கு 25,000 ரூபாய், அதற்கு மேல் 250 பேர் வரை 50,000 என்பது விதி. முப்பது பேர்கூட இல்லாத பள்ளிக்கு 10,000தான். பழுதுபார்ப்பு, கரன்ட் பில், சாக்பீஸ், கழிப்பறைச் சுத்தம் எல்லாம் இதிலேயே நடக்க வேண்டும். அதனால் பெயின்ட் அடித்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நூலகத்துக்கென்று தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை தனியாக உண்டு. உங்கள் கேள்வி அங்கே போகட்டும். என்ன புத்தகம் வாங்கினார்கள், எத்தனை தமிழில் இருக்கின்றன, அவை பிள்ளைகள் கைக்கு வருகின்றனவா, பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்கள். பின்தங்கிய குடும்பங்களின் பெற்றோருக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் அந்தக் குழுவின் வேலை. “என் மகளுக்கு வாசிப்பு வர இந்த வருஷத் திட்டத்தில் என்ன இருக்கிறது?” என்று கூட்டத்தில் கேளுங்கள். கேட்டது கூட்டக் குறிப்பில் (மினிட்ஸில்) ஏறட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கூட்டத்தை எப்போதும் வேலைநாளில் மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்தோம். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) தாய்மார் யாரும் வரவில்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியதும் பெஞ்சு போதவில்லை. உங்கள் பள்ளியிலும் அதையே முதல் கோரிக்கையாக வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அருகே தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியர் நான். பழைய மாணவர்கள் 40,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் (பி.டி.ஏ.) பலரும் பெரிய டி.வி. வாங்கலாம் என்கிறார்கள். கஷ்டப்படும் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

டி.வி.யை இப்போது வாங்காதீர்கள். கடைக்குப் போகும் முன் இரண்டு பட்டியல் எழுதுங்கள்.

முதல் பட்டியலுக்கு, இரண்டாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் போதும். யார் எழுத்திலேயே நிற்கிறார், யாருக்குச் சொல் வருகிறது, யார் பத்தியை வாசித்துவிடுகிறார் என்று குறியுங்கள். இரண்டாவது பட்டியல் வருகைப் பதிவேட்டிலிருந்து வரும். யார் அடிக்கடி வருவதில்லை, எந்தக் கிழமையில், ஏன். இரண்டிலும் இருக்கும் பெயர்களுக்குத்தான் அந்த நாற்பதாயிரம்.

இங்கிலாந்தில் 2011 முதல் ‘பியூப்பில் பிரீமியம்’ என்று ஒரு நிதி இருக்கிறது. வறுமையால் கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளைக் கணக்கெடுத்து, தலைக்கு இவ்வளவு என்று அரசு பள்ளிக்குக் கொடுக்கிறது. முதல் ஆண்டு 488 பவுண்டு. 2025-26இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 1,515. பணம் பிள்ளையின் கையில் போவதில்லை. பள்ளி தானே முடிவு செய்யலாம், ஆனால் என்ன தடை, என்ன செய்கிறோம், சென்ற ஆண்டு செய்தது பலித்ததா என்று ஒவ்வொரு டிசம்பர் 31க்குள்ளும் தன் இணையதளத்தில் எழுத வேண்டும். அங்கே பள்ளிகளுக்குச் சொல்லப்படும் வரிசை எனக்குப் பிடிக்கும்: முதலில் வகுப்பறையில் நல்ல பாடம், அடுத்து பின்தங்கியவர்களுக்குச் சிறு குழுவாகத் தனிக் கவனம், அதன் பிறகு வருகை போன்ற மற்றவை. டி.வி. இந்த வரிசையில் எங்கே வரும் என்று பி.டி.ஏ.யில் கேட்டுப் பாருங்கள்.

நம் நாட்டுச் சான்றும் இருக்கிறது. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு, அந்தந்தப் பகுதிப் பெண்களையே நியமித்துப் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் சொல்லிக்கொடுத்தது. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் உண்மையாகவே கூடியிருந்தது.

உங்கள் ஊரில் ஆசிரியர் பயிற்சி (டி.டி.சி.) முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பெண் ஒருவராவது இருப்பார். மாதம் 3,500 கொடுத்தால் பத்து மாதத்துக்கு 35,000. மீதியில் சின்னச் சின்னத் தமிழ்க் கதைப் புத்தகங்கள். ஒரே நிபந்தனை, அவர் வீட்டில் தமிழ் பேசுகிறவராக இருக்க வேண்டும். முதல் வாசிப்பில் தடுக்கும் பிள்ளைக்கு, தன் அம்மா பேசுகிற மாதிரி பேசும் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய தெம்பு. மூன்று மாதம் கழித்து அதே நான்கு வரிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். நகரவில்லை என்றால் முறையை மாற்றுங்கள், பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்.

மூணாறு. மகன் எட்டாம் வகுப்பு. நாங்கள் எஸ்.சி., ஆனால் கேரளாவில் ஜாதிச் சான்றிதழ் தர மறுக்கிறார்கள். உதவித்தொகை எதுவும் கிடைக்குமா?

மலைத் தோட்டங்களில் எத்தனையோ வீடுகளின் வேதனை இது. பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10இல் வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்தது என்று காட்டினால்தான் இந்த மாநிலத்தின் எஸ்.சி. சலுகை கிடைக்கும். அதன் பிறகு வந்தவர்களுக்குப் பூர்வீக மாநிலம்தான் கணக்கு. மூணாறில் தேயிலைத் தோட்டம் வந்தது 1880களில். திருநெல்வேலிப் பக்கமிருந்து அப்போதே மலையேறிய குடும்பங்களும் காகிதம் இல்லாததால் தவிக்கின்றன. பிறந்த மண்ணிலேயே வெளியூராள் ஆக்கப்படும் அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

தாத்தா, பாட்டி பெயர் உள்ள எஸ்டேட் ஆபீஸின் பழைய வேலைப் பதிவேடு, அவர்கள் காலத்துப் பள்ளிச் சேர்க்கைப் பதிவு என எதுவானாலும் தேடி எடுங்கள். வில்லேஜ் ஆபீஸில் மறுத்தால் வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். எழுத்தில் வாங்கி, அதை வைத்து மேல்முறையீடு செய்யுங்கள்.

அதுவரை ஜாதி பார்க்காத உதவியைத் தவற விடாதீர்கள். தேசிய வருவாய் மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில்தான் நடக்கும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் (எய்டட்) பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாளைக்கே ஹெச்.எம்.மைப் பாருங்கள். இந்த வருஷம் போனால் திரும்ப வராது.

மறையூர் பள்ளி ஆசிரியர். முதுவான் பழங்குடியினரின் குடியிலிருந்து வரும் பிள்ளைகள் மழைக்காலத்தில் நின்றுவிடுகிறார்கள்.

வித்யாவாகினி திட்டத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஜீப் உண்டு. முன்பு கோத்ரசாரதி என்றார்கள். பழங்குடி நலத் துறையின் களப்பணியாளரான எஸ்.டி. புரமோட்டரையும் பி.டி.ஏ.யையும் சேர்த்து உட்கார வைத்து, ஜூன் மழைக்கு முன்பே விண்ணப்பத்தை முடியுங்கள். வாடகைப் பாக்கி நின்றால் ஜீப்பும் நின்றுவிடும் என்பதால் மாதாமாதம் பில் போகிறதா என்று ஒருவர் கவனிக்க வேண்டும். அப்புறம், வராத பிள்ளையின் குடிக்கு நீங்களே ஒரு முறை போய் வாருங்கள்.

அசெம்பிளியில் ‘உதவி பெறும் பிள்ளைகள்’ என்று என் மகளை மேலே கூப்பிட்டு, பேக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பையைத் தொடவே மாட்டேன் என்கிறாள்.

அவள் மேல் தப்பில்லை. ஹெச்.எம்.மிடம் தனியாகப் போய், அவள் பையைத் தொடவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். நல்ல ஆசிரியருக்கு அது போதும். உதவி கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட ரசீதும் கையெழுத்தும் இருந்தால் போதும், பிள்ளையின் முகம் தேவையில்லை. நாங்கள் பின்னாளில் எல்லாப் பைகளையும் பெற்றோரை வரவழைத்து ஆபீஸ் ரூமில் வைத்தே கொடுத்தோம். மறுநாள் வகுப்பில் எது வாங்கிய பை, எது கொடுத்த பை என்று யாருக்கும் தெரியவில்லை.