கைவேலை அலங்காரம் 387 வெள்ளியில் போய் நின்றது எப்படி?

கேள்வி: சிங்கப்பூர் செங்காங்கில் நான்கறை வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன கிறிஸ்துமஸ்தான் புது வீட்டில் எங்களுக்கு முதல் கிறிஸ்துமஸ். கடையில் வாங்கினால் விலை அதிகம், கையாலேயே செய்தால் மிச்சம் என்று நினைத்து தொலைக்காட்சி மேசைக்கு மாலை, பிள்ளைகள் இருவருக்கும் காலுறை, ஒரு குடில் எல்லாம் நானே செய்தேன். ஜனவரியில் கடன்பற்று அட்டைக் கணக்கைப் பார்த்தால் 387 வெள்ளி! காகிதமும் துணியும் வெட்டும் இயந்திரம் 229, ஃபெல்ட் துணி, ரிப்பன் 64, செயற்கைப் பைன் மாலை இரண்டு சுருள் 48, சாயம், ஜிகினா 24, பசைத் துப்பாக்கியும் பசைக்குச்சிகளும் 22. வாங்கியதில் பாதி இன்னும் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடக்கிறது. இந்த வருடம் குறைவாக முடிக்க வேண்டும். ஆனால் ஒரு கடையில் வெள்ளை நிறத்தில் கணப்பு மேசை ஒன்று பார்த்தேன். உள்ளே நெருப்பு எரிவதுபோல் விளக்கு, மேலே அகலமான தட்டு. 899 வெள்ளி, 12 மாதத் தவணை, வட்டியில்லை. அது இருந்தால் வேறு அலங்காரமே தேவையில்லை என்று தோன்றுகிறது. கணவர் சிரிக்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 6,800 வருகிறது. வீட்டுப் புதுப்பிப்புக் கடன் மாதம் 560. அவசரச் சேமிப்பு இரண்டு மாதச் செலவுக்கு இருக்கும். மீந்த துணியில் காலுறை தைத்து விற்கலாமா என்றும் ஒரு யோசனை. என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் கணவர் சிரித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கணக்கை வரி வரியாக எழுதி, கூட்டி, ஒளிக்காமல் அனுப்பியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடித்தது. என்னிடம் வருகிறவர்களில் பலர் "கொஞ்சம் கூடத்தான் ஆகிப்போச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தக் கணக்கையே இன்னொரு முறை பாருங்கள். 387இல் இயந்திரம் மட்டும் 229, ஏறக்குறைய 60 விழுக்காடு. பசைத் துப்பாக்கியையும் சேர்த்தால் 251 வெள்ளி கருவிகளுக்கே போய்விட்டது. மீதி 136 வெள்ளிக்கு வாங்கிய பொருளில் பாதி பெட்டிக்குள். ஆக, போன டிசம்பரில் உங்கள் மேசைமேல் கண்ணுக்குத் தெரிந்த அலங்காரத்தின் விலை 70 வெள்ளியைத் தாண்டவில்லை. அதற்கு இது நல்ல விலைதான். மிச்ச 317 வெள்ளி ஆசைக்கும் அவசரத்துக்கும் போனது. "இன்னும் 12 வெள்ளிக்கு வாங்கினால் அனுப்புகட்டணம் இல்லை" என்று இணையக் கடை சொன்னதும் ஒரு கட்டு ஃபெல்ட் கூடையில் சேர்ந்திருக்கும், இல்லையா? வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் பொருள், சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. கூடையில் பார்த்த விலை ஒன்று, அட்டையில் விழுந்த விலை இன்னொன்றாக இருந்திருக்கலாம்.

அதனால் இந்த வருடம் கடைக்குப் போவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள். தையற்காரர் யாராவது அளவெடுக்காமல் துணி வாங்கச் சொல்வாரா? உங்கள் மேசை 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாலை நேராகக் கிடக்காமல் கொஞ்சம் தொய்ந்து தொங்க, மேசை நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும், அதாவது 2.7 மீட்டர். ஏற்கெனவே இரண்டு சுருள் பைன் மாலை வைத்திருக்கிறீர்கள். எனவே மாலைக்கு இந்த வருடம் பூஜ்யம் வெள்ளி. அதில் என்ன கோக்கலாம் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

நான் தீபாவளி வீட்டுக்காரன். ஆனால் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு நம் சமையலறையைவிடப் பொருத்தமான கடை கிடையாது என்பது என் கட்சி. அன்னாசிப்பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எட்டு இதழ் நட்சத்திரம், யாரும் வெட்ட வேண்டாம், இயந்திரம் வேண்டாம். பட்டையை மூன்று மூன்றாகச் சணல் கயிற்றில் கட்டினால் சின்ன விறகுக்கட்டு. தேக்கா சந்தையில் இரண்டும் சேர்த்து 5 வெள்ளிக்குள் வாங்கிவிடலாம். பசை வேண்டாம், கயிற்றிலேயே கட்டுங்கள். மாலை வெயில் நேராக விழும் வரவேற்பறையில் சூட்டுப்பசை இளகி, ஒட்டியது ஒவ்வொன்றாகத் தரையில் விழுவதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். (பண்டிகை முடிந்ததும் அதையே பிரியாணிக்குப் போடலாமா என்று கேட்காதீர்கள். ஒரு மாதத் தூசி அதில் இருக்கும்.)

இடையிடையே உலர்ந்த ஆரஞ்சு வளையங்கள். 15 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று கணக்கிட்டால் 2.7 மீட்டருக்கு 18 வளையம். ஓர் ஆரஞ்சில் ஆறேழு வளையம் வரும். மூன்று ஆரஞ்சு போதும். அளக்காமல் போயிருந்தால் ஒரு பை நிறைய வாங்கியிருப்பீர்கள், நானும்தான். அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, துணியால் ஒற்றி, அடுப்புப்பெட்டியில் 100 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் வையுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். மின்சாரம் ஒரு வெள்ளி அளவுக்கு ஆகலாம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு, அதுவும் டிசம்பர் மழைக்கு, அரைகுறையாக உலர்ந்த வளையம் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும், எறும்பும் வரும். அதனால் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரவிடுங்கள். அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று மாலையை இறக்கும்போது அதைக் குப்பையில் போட்டுவிடலாம்.

சிவப்பும் பொன்னிறமும் வேண்டுமென்றால் வீட்டு இழுப்பறையைத் திறங்கள். சீனப் புத்தாண்டுக்கு வங்கி கொடுத்த, யாருக்கும் கொடுக்காமல் மீந்த அங்பாவ் என்னும் சிவப்புப் பண உறைகள் ஒரு கட்டாவது இருக்கும். நம் பள்ளிப் பிள்ளைகள் அதில் விளக்குக்கூடு செய்யக் கற்றிருப்பார்கள். அதே மடிப்பில் நட்சத்திரம் வராதா என்ன? எழுத்து தெரியும் பக்கத்தை உள்ளே மடித்தால் போதும். காலுறைக்குப் புதுத் துணி வேண்டாம். பெட்டியில் ஃபெல்ட் இருக்கிறது, கிழிந்த பட்டுச்சேலை ஏதாவது இருந்தால் அதன் சரிகைக் கரையை வாய்ப்பட்டையாகத் தைத்துவிடுங்கள்.

குடிலுக்குப் புல்? டிசம்பர் நடுவில் ஒரு பழைய தட்டில் ஈரப்பஞ்சு பரப்பிக் கேழ்வரகை விதைத்தால் பிறப்புவிழாவுக்குள் பச்சைப்பசேல் என்று நிற்கும். தமிழ்நாட்டில் பல கிறிஸ்தவ வீடுகளில் பாட்டிமார் செய்வது இதைத்தான். விதைக்கு 2 வெள்ளி. தண்ணீர் தெளிக்கும் வேலையைச் சின்னவரிடம் விட்டுவிடுங்கள். தண்ணீர் தேங்க மட்டும் விடாதீர்கள், கொசு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு உங்கள் குடில் புரியாது.

எல்இடி சரவிளக்கு ஒன்று, 12 வெள்ளி. இதில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 5 வாட் விளக்கு, தினம் ஆறு மணி நேரம், 30 நாள் எரிந்தாலும் ஒரு யூனிட்கூட ஆகாது, 30 காசு பக்கம். மெழுகுவத்தியைக் காகிதத்துக்கும் காய்ந்த ஆரஞ்சுக்கும் நடுவில் ஏற்ற வேண்டாம். வாசலில் நட்சத்திரம் தொங்கவிடுவதாக இருந்தால் கதவுக்கு மேலேயே இருக்கட்டும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும்.

கூட்டுவோம். ஆரஞ்சு 2, மின்சாரம் 1, அன்னாசிப்பூவும் பட்டையும் 5, சணல் கயிறு 2.18, பரிசு சுற்றப் பழுப்புத்தாள் 2.18, கேழ்வரகு 2, விளக்கு 12. மொத்தம் 26 வெள்ளி 36 காசு. கடைக்குக் கடை விலை கொஞ்சம் மாறும். 40 வெள்ளியை ஓர் உறையில் போட்டுக்கொண்டு போங்கள், அட்டையை வீட்டில் வைத்துவிட்டு. அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு மீதமிருந்தால் ஆரஞ்சை அதில் வாங்கலாம்தான். ஆனால் அதையும் காசாகவே எண்ணுங்கள், ஆரஞ்சு வாங்காவிட்டால் அது அரிசி வாங்கியிருக்கும்.

இனி அந்தக் கணப்பு மேசை. கணப்பு என்பது குளிர்நாட்டுக்காரர்கள் வீட்டைச் சூடாக்கக் கட்டியது. அதன் மேல்தட்டில்தான் மாலை போடுகிறார்கள், ஈரக் காலுறை காய்ந்த இடத்தில் பரிசுக் காலுறையைத் தொங்கவிடுகிறார்கள். 31 டிகிரி மத்தியானத்தில் குளிர்சாதனத்தை ஓடவிட்டுக்கொண்டு, பக்கத்தில் நெருப்பு விளக்கை ஏற்றுவது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வட்டியில்லாத் தவணை உண்மையிலேயே வட்டியில்லாததுதான், 12 மாதமும் தவறாமல் கட்டினால். மாதம் 75 வெள்ளி. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் பொதுவாக முழு 899 வெள்ளியும் உங்கள் அட்டையின் கடன் வரம்பிலிருந்து முதல் நாளே பிடித்துவைக்கப்படும். ஒரு மாதம் இறுக்கமாகி அட்டைப் பாக்கி நிலுவையில் நின்றால், இங்கே அட்டை வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காட்டுக்கு மேல். 899 வெள்ளியை ஒரு வருடம் நிலுவையில் விட்டால் வட்டி மட்டும் 230 வெள்ளிக்குக் குறையாது. புதுப்பிப்புக் கடன் 560 ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அவசரச் சேமிப்பு மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் அளவு. உங்களிடம் இரண்டு. இருவரில் ஒருவர் வேலை போனால் அந்த மேசையின் நெருப்பில் குளிர்காய முடியாது. வேண்டாம் என்றே சொல்கிறேன்.

"பதின்மூன்றாவது மாதச் சம்பளம் வருமே" என்று யோசிக்கிறீர்களா? அது சட்டப்படி கட்டாயமில்லை, உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. வந்தாலும் மத்திய சேம நிதி அதிலும் பிடிக்கப்படும். 55 வயதுக்குட்பட்டவருக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு. 3,500 என்று மனதில் கணக்குப் போட்டவர் கையில் 2,800தான் பார்ப்பார். அந்தப் பணத்தில் பாதியாவது அவசரச் சேமிப்புக்குப் போகட்டும். மூன்று மாதச் செலவு வங்கியில் சேரும்வரை வேறெங்கும் போட வேண்டாம். அதற்குமேல் உள்ளதைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் வைக்கலாம். குறைந்தது 500 வெள்ளி, எந்த மாதமும் அபராதமின்றி மீட்கலாம். ஆனால் பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் கைக்கு வரும், விண்ணப்பத்துக்கும் மீட்புக்கும் தலா 2 வெள்ளி கட்டணம். நடு இரவில் மருத்துவமனைக்கு ஓடும்போது அது உதவாது.

காலுறை விற்பது பற்றி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து சிறிய அளவில், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் செய்ய அனுமதி உண்டு. அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப்பெயரிலேயே விற்றால் வணிகப் பதிவு தேவையில்லை. லாபத்தை வருமான வரியில் காட்ட வேண்டும். தடை அங்கெல்லாம் இல்லை. ஒரு காலுறை 18 வெள்ளிக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி, நூல் 5, அனுப்ப 4. மிச்சம் 9. ஒன்று தைக்க இரண்டரை மணி நேரம் என்றால் மணிக்கு 3 வெள்ளி 60 காசு. பிள்ளைகளோடு உட்கார்ந்து தைக்கும் நேரத்துக்கு நான் விலை போட மாட்டேன். விற்கத் தைக்கும் நேரத்துக்குக் கட்டாயம் போடுவேன். தோழிகள் கேட்டால் நான்கைந்து தைத்துக்கொடுங்கள், மீந்த ஃபெல்ட் தீர்ந்துவிடும். புதுத் துணி வாங்கப் போகாதீர்கள்.

விற்க வேண்டியது ஒன்று உண்டு, அந்த வெட்டும் இயந்திரம். இந்த வருடம் அளவெடுத்த பிறகு அதற்கு வேலையில்லை என்பது தெரிந்துவிட்டது. பழைய பொருள் விற்கும் கரூசெல் தளத்தில் போடுங்கள், அதுவும் நவம்பரிலேயே. போன வருடம் நீங்கள் தேடிய மாதிரி யாரோ ஒருவர் அப்போதுதான் தேடிக்கொண்டிருப்பார். 120 வெள்ளி கிடைத்தாலும் இந்த வருட அலங்காரம் போக 90 வெள்ளிக்கு மேல் மிஞ்சும். அவரிடம் பேரம் பேசும்போது பசைத் துப்பாக்கியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.