மைனஸ் பவர் இருப்பவர்களுக்கு வெள்ளெழுத்து வந்தால்?

கேள்வி: எனக்கு 44 வயது, பள்ளி ஆசிரியை. பத்தாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறேன், இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.75. கொஞ்ச நாளாக விடைத்தாள் திருத்தும்போது கண்ணாடியைக் கழற்றினால்தான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. வயதானால் ப்ளஸ் வரும், அதில் மைனஸ் கழிந்துபோகும் என்கிறார்கள். உண்மையா? இல்லையென்றால் லேசிக் (லேசரில் பவரைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை) செய்துகொள்ளலாமா?

பதில்: கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பதால் கண் கெட்டுப்போகாது, தாராளமாகக் கழற்றிவிட்டே திருத்துங்கள். ஆனால் மைனஸ் கழிந்துபோகும் என்பது உண்மையில்லை. கிட்டப்பார்வை (மைனஸ் பவர்) பெரும்பாலும் கண்விழி சற்று நீளமாக வளர்ந்துவிடுவதால் வருவது, நாற்பது வயதானதும் அந்த நீளம் குறைந்துவிடாது. வெள்ளெழுத்து (வீட்டுப் பெரியவர்கள் சாளேசரம் என்பார்களே, அதுதான்) வேறு காரணத்தால் வருகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிவிடுவதால், பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கு ஏற்றபடி அதனால் வடிவம் மாற முடிவதில்லை. இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்தே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் உங்களுக்கே புரியும். நூறை உங்கள் பவரால் வகுத்துப் பாருங்கள், 36 வரும். அதாவது கண்ணாடி இல்லாமல், எந்தச் சிரமமும் இல்லாமல், 36 சென்டிமீட்டரில் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். விடைத்தாளைப் பிடிக்கிற தூரம் கிட்டத்தட்ட அதுதானே! மைனஸ் 1 உள்ளவருக்கு இது ஒரு மீட்டர், அதனால் அவர் கழற்றினாலும் புத்தகம் படிக்கப் பெரிய உதவி இருக்காது. மைனஸ் 6 என்றால் 17 சென்டிமீட்டர்தான், தாளை மூக்குக்கு நேரே கொண்டுவர வேண்டும். அந்த வகையில் உங்கள் பவர் படிப்பதற்கு வசதியானது. சிக்கல் லேப்டாப்பில்தான் வரும், அது 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும், கழற்றினால் மங்கும், போட்டுக்கொண்டால் சீக்கிரம் கண் அசந்துவிடும்.

சரி, "கழிந்துபோகும்" என்ற பேச்சு எப்படி வந்தது? உங்களுக்கு இப்போது படிக்க ப்ளஸ் 1.25 கூடுதலாகத் தேவைப்படலாம். அதைச் சேர்த்தால் கண்ணாடியில் படிப்பதற்கான கீழ்ப்பகுதி மைனஸ் 1.50 ஆகிவிடும், சீட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பவர் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். தூரத்துக்கு அதே 2.75 தேவைதான். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ப்ளஸ் கண்ணாடியும் உங்களுக்கு வேண்டாம்.

வகுப்பில் கரும்பலகை, பிள்ளைகள் முகம், கையில் நோட்டு என்று மாறி மாறிப் பார்ப்பவர் நீங்கள். அதற்குப் புரோகிரசிவ் கண்ணாடி (மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறுவது) நல்லது, லேப்டாப் தூரத்துக்கும் அதில் இடம் உண்டு. ஓரங்களில் கொஞ்சம் நெளிந்து தெரியும், பழக ஓரிரு வாரம் ஆகும், அதுவரை படியில் இறங்கும்போது தலையைக் குனிந்து பாருங்கள். செலவு அதிகம் என்றால் பைஃபோகல் (மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று இரண்டு பவர் உள்ளது) போதும், தவறே இல்லை.

லேசிக் விஷயத்தில் அவசரப்படாதீர்கள் என்பேன். தூரம் நன்றாகத் தெரியும்தான், ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கும் வசதி அன்றோடு போய்விடும், அப்புறம் செல்போன் பார்க்கக்கூடக் கண்ணாடி தேட வேண்டியிருக்கும், அறுபது வயது வரை அந்தப் பவர் ஏறிக்கொண்டே போகும். படிக்க வசதியாக ஒரு கண்ணில் மட்டும் கொஞ்சம் மைனஸ் மிச்சம் வைத்துச் செய்வதும் உண்டு, எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது. எதுவானாலும் முதலில் சில நாள் கான்டாக்ட் லென்ஸ் போட்டு, லேசிக்குக்குப் பிறகு இருக்கப்போகும் அதே நிலையில் விடைத்தாள் திருத்திப் பாருங்கள், பிறகு முடிவெடுக்கலாம்.

கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வராமல், ஒருமுறை கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும், கூடவே கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இரண்டும் முக்கியம். பவர் சில வாரங்களிலேயே ஏறி இறங்கினால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். திடீரென்று கண்ணில் மின்னல் அடிப்பதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுவதுபோல் மறைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.